அக்கரைத் திருடன்

காயா
பிப்ரவரி 3

என் அத்தை மகனும் அடிமையுமான செவிட்டுப் பூரேமாவுக்கு, உன் எஜமான் சேய்னி சொல்லி எழுதியனுப்புவது.

அஸ்ஸலாமு அலைக்கும். நன்றாகத் தூங்கி எழுந்தாயா? உடம்பு எப்படி, வீடு எப்படி, உன் வீட்டுக்காரி பிபாத்தா எப்படி, அந்தக் கரையில் குளிர் எப்படி? நான் சுகம். இடுப்பு மட்டும் காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. நான் எழுந்துவிடுகிறேன்.

இதை எழுதுகிறவள் ஹம்ஸாத்து. எல்லைப் பாலத்தடியில் உட்கார்ந்து லாரிக்காரர்களுக்கு டிக்ளரேஷன் படிவம் நிரப்பிக் கொடுப்பாளே, அவள்தான். பாலத்தைப் பூட்டியதிலிருந்து லாரி இல்லை. படிவங்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. அவற்றின் முதுகில்தான் எழுதுகிறாள். உனக்குக் காது கேட்டால் போனிலேயே திட்டியிருப்பேன். மாமன் மகன் அத்தை மகனை அடிமை என்று கேலி செய்வது நம் ஊர் வழக்கம்தானே, சொன்னதைச் சொன்னபடி எழுது, சிரிக்காதே என்றால் இன்னும் சிரிக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நாடு அக்கம்பக்கத்து நாடுகளின் கூட்டமைப்பை விட்டு விலகிவிட்டது என்று ரேடியோவில் பாட்டுப் போட்டுச் சொன்னார்கள். விலகட்டும், பெரியவர்கள் சண்டை. என் ஏழு மாடுகள் எதிலும் விலகவில்லையே? அறுவடை முடிந்ததும் வருடா வருடம் போல ஆற்றை நீந்தி உன் பக்கத்து மேய்ச்சலுக்கு வந்தன, கூட்டமைப்பின் மாட்டுச்சீட்டோடு. இப்போது அந்தச் சீட்டை உங்கள் எல்லைச் சாவடியில் மூக்குத் துடைக்கக்கூட வாங்குவதில்லை என்று படகுக்காரன் கரிமூ சொல்கிறான். வெளிநாட்டு மாடு என்று பிடித்து ஏலம் போடுகிறார்களாம். உண்மையா?

என் மனைவி ஃபாத்தி போனபின் எனக்கு இருப்பது அந்த ஏழும் நீயும். நீ எட்டாவது. அதனால் இரண்டு கரையிலும் யாரும் நம்மை ஏமாற்றாமல் பார்த்துக்கொள். நீ முந்திக்கொண்டு செத்தாலும் கவலைப்படாதே. மாமன் மகன் உரிமைப்படி வந்து உன் குழிக்குள் நான் படுத்துக்கொள்வேன். சாவு வீட்டில் பங்கு வைக்கிற கோலாக்கொட்டையில் ஒரு கூடை என் முன்னால் வைத்தபிறகுதான் எழுந்து உனக்கு இடம் விடுவேன்.

உன் எஜமான்
சேய்னி (கட்டைவிரல்)


மலன்வில்
பிப்ரவரி 14

எழுத்தறியாத எஜமானே, உன் மேலும் உன் இடுப்பின் மேலும் சாந்தி உண்டாகட்டும்.

நாங்கள் நலம். பிபாத்தா சலாம் சொல்கிறாள். குளிர் போய்விட்டது, புழுதி வந்துவிட்டது. உன் குரல் கேட்காததால் என் காது சுகமாக இருக்கிறது.

கரிமூ சொன்னது உண்மை. எங்கள் சோளம் உங்கள் பக்கம் போகக்கூடாது, உங்கள் வெங்காயம் எங்கள் பக்கம் வரக்கூடாது என்று இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் மாடு மாட்டிக்கொண்டது. போன செவ்வாய் சாவடியிலிருந்து நான்கு பேர் மேய்ச்சல் நிலத்துக்கு வந்தார்கள். தலைமை அதிகாரி புதியவர், கடற்கரை ஊர்க்காரர். செவிடன் என்று தெரிந்ததும் கத்தினார். கத்துகிறவர்களின் வாயசைவு எனக்கு நன்றாகப் புரியும்.

"இந்த ஏழும் யார் மாடு?"

"என்னுது."

"எல்லாமா?"

"நான் இந்தச் சந்தையில நாப்பது வருஷத் தரகன் ஐயா. ஏழு மாடு வச்சிருக்கக்கூடாதா?"

மறுநாள் வந்து எழுதிக்கொள்கிறோம் என்று போனார்கள். அன்று மாலையே உன் மாடுகளின் வலது காதில் என் அடையாள வெட்டைப் போட்டுவிட்டேன். இடது காதில் உன் இரண்டு வெட்டு இருக்கிறதே என்று மேய்ப்பன் அழுதான். வாங்கிய மாடு என்று சொல்லிக்கொள்வேன். ஆக, இனி அவை என் மாடுகள். உன்னைப் போலவே.

பாலம் திறக்கும்வரை இதைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்காதே. உனக்கு அது கஷ்டம் என்று தெரியும்.

உன்னை இன்னும் விற்காமல் வைத்திருக்கும்
பூரேமா


காயா
பிப்ரவரி 24

திருட்டுப் பயலே பூரேமா!

சலாம் உனக்கு இல்லை, பிபாத்தாவுக்கு மட்டும். அவள் சுகமா? திருடன் வீட்டில் எப்படித் தூங்குகிறாள்?

யாரிடமும் சொல்லாதே என்றாய். சொல்லவில்லை. பள்ளிவாசலில்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், உன் செவிட்டுக் காதுக்குள்: அடே, பட்டப்பகலில் என் ஏழு மாட்டையும் திருடிவிட்டாயே! என் காது வெட்டுக்கு எதிரில் உன் காது வெட்டா? உன் அம்மா, என் அத்தை, உயிரோடு இருந்தால் உன் காதை வெட்டியிருப்பாள். அதில்தான் ஏற்கெனவே ஒன்றும் இல்லையே.

எழுத்தறியாதவன், மறந்துவிடுவான் என்று நினைக்காதே. ஏழையும் சொல்கிறேன் கேள். செவலை: பெரிய வெள்ளத்து வருடம் பிறந்தவள், இடது கொம்பு நுனி கரிமூவின் படகில் இடித்து உடைந்தது. காரி: வால் குட்டை, அவள் தாயை ஃபாத்தி கடலை எண்ணெய் விற்று வாங்கினாள். இரட்டையர் இரண்டு பேர்: நெற்றியில் வெள்ளை, ஒருத்திக்குப் பெரிது ஒருத்திக்குச் சிறிது. மயிலை: வலது தொடையில் தீக்காயம். கிழவி: கீழ்வரிசையில் ஒரு பல் கறுப்பு. கடைசியாகச் சின்னவள், மனிதரைக் கண்டால் முட்டுவாள், உன்னை இன்னும் முட்டவில்லையா? ஏழும் என்னுடையவை, பூரேமா திருடன் என்று ஆற்றங்கரையில் நின்று கூவுவேன்.

இன்னும் ஒன்று சொல்ல வந்தேன், தாளில் இடமில்லை என்கிறாள் ஹம்ஸாத்து. தாளைத் திருப்பி முன்பக்கத்துக் கட்டத்தில் கட்டைவிரலை வைக்கச் சொல்கிறாள். வைத்துவிட்டேன். நோன்பு வருகிறது. பிபாத்தாவின் கஞ்சியை எனக்கும் சேர்த்துக் குடி.

உன்னிடம் மாட்டைப் பறிகொடுத்த
சேய்னி


காயா
மார்ச் 26

பூரேமா, சலாம்.

உடம்பு எப்படி? வீடு எப்படி? ஒரு மாதமாகப் பதில் இல்லை. நோன்பு முடியப்போகிறது. திட்டுவதற்கு நல்ல வார்த்தை கிடைக்காமல் உட்கார்ந்திருக்கிறாயோ? கடன் வாங்கிக்கொள், பிபாத்தாவிடம் நிறைய இருக்கும்.

கரிமூ படகில் வெங்காய மூட்டை போகிறது, தபால் பை போகிறது, மனிதர் போகக்கூடாது. ஏற்றினால் படகைப் பறித்துக்கொள்கிறார்கள். உன் பக்கத்துப் படித்துறையில் போன மாதம் பையைக் கொட்டிச் சோதித்தார்கள், சில காகிதங்களை எடுத்துக்கொண்டார்கள் என்று இப்போதுதான் சொல்கிறான். "என்ன காகிதம்டா?" என்றால், "எனக்கென்ன படிக்கவா தெரியும் பெரியவரே, உங்களுக்குத் தெரியுமா?" என்கிறான்.

மாலையில் கரைக்குப் போகிறேன். உன் பக்கத்தில் துணி துவைக்கிற பெண்கள் தெரிகிறார்கள். ஒருநாள் சிவப்புக் குல்லா போட்ட ஒருவன் நின்றான். கையை ஆட்டினேன். அவன் ஆட்டவில்லை. நீயாக இருந்திருக்க மாட்டாய்.

ஒரு வரி எழுது.

சேய்னி


மலன்வில்
ஏப்ரல் 9

மதிப்பிற்குரிய மாமன் மகன் சேய்னி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருக்க அல்லாஹ்வை வேண்டுகிறேன். நாங்கள் நலம்.

தங்களுடைய பிப்ரவரி மாதக் கடிதம் கிடைத்தது. அதாவது, என் கண் முன்னால் பிடித்துக் காட்டினார்கள். ஏழு மாடுகளும் ஏலத்தில் போய்விட்டன. இதற்காக வருந்துகிறேன்.

பெருநாள் நன்றாகக் கழிந்தது. தாங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இங்ஙனம்
பூரேமா


காயா
ஏப்ரல் 17

பூரேமா,

உன் கடிதத்தை ஹம்ஸாத்து மூன்று முறை படித்தாள். நான்காவது முறை, "வேற யாருக்கோ வந்ததைப் படிக்கறியா?" என்று கேட்டுவிட்டேன். தாங்கள் என்று எழுதியிருக்கிறாய். அறுபத்தெட்டு வருடத்தில் நீ என்னைத் தாங்கள் என்று சொன்னதில்லை. என் தகப்பனாருக்கு முன்னால்கூட "இந்தக் கழுதை" என்றுதான் சொன்னாய்.

மாடு போனது போகட்டும். ஏழு தடவை அழுதேன், மாட்டுக்கு ஒரு தடவை. முடிந்தது. உன்னை என்ன செய்தார்கள்? அதை எழுது.

எனக்குக் கடிதம் என்றால் என்னவென்று தெரியாது பூரேமா. வாயால் சொல்கிறேன், அவள் கை ஆடுகிறது, பிறகு நீ சிரிக்கிறாய், அவ்வளவுதான் என்று நினைத்தேன். உன் காதோடு காதாகப் பேசுகிறேன் என்று நினைத்தேன். நடுவில் ஒருவன் கேட்பான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஹம்ஸாத்துவுக்கும் தோன்றவில்லை. இரண்டு நாளாக அவள் கண் சிவந்திருக்கிறது.

என்னைத் திட்டு. என்ன வார்த்தை வேண்டுமானாலும் சொல்லு. தாங்கள் என்று மட்டும் சொல்லாதே.

சேய்னி


மலன்வில்
மே 6

சேய்னி அண்ணனுக்கு, தங்கை பிபாத்தா சலாம்.

நலமா அண்ணா? இடுப்பு வலி குறைந்ததா? முதியோர் வகுப்பில் படித்த எழுத்து, கோணலாக இருக்கும். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. இதைப் படகுப் பையில் போடவில்லை. கரிமூவின் மனைவியின் துணி மூட்டைக்குள் வருகிறது.

உங்கள் கடிதம் படித்துறையிலேயே பிடிபட்டது. டிக்ளரேஷன் படிவம், சாவடி முத்திரை, கீழே உங்கள் கட்டைவிரல். விரல் விழுந்த கட்டத்துக்கு மேலே, "மேலே கூறியவை அனைத்தும் உண்மை என்று உறுதி கூறுகிறேன்" என்று அச்சடித்திருக்கிறதாம். மார்ச் மாதம் நோன்பு தொடங்கிய மூன்றாம் நாள் வந்து அவரை அழைத்துப் போனார்கள். கூடவே நானும் போனேன், அவருக்குக் காதாக.

அதிகாரி கடிதத்தை மேஜையில் வைத்தார். "அம்மா, இதுல உன் புருஷன் திருடன்னு அவரோட சொந்தக்காரரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காரு."

"அவங்க மாமன் மகன், அத்தை மகன் ஐயா. அப்படித்தான் பேசிப்பாங்க. நீங்க உங்க மச்சானைத் திட்டமாட்டீங்களா?"

"திட்டுவேன். எனக்கும் மச்சான் இருக்கான், ஒண்ணுக்கு நாலு. ஆனா இந்தத் தாளுக்கு மச்சான் இல்லம்மா. மேலதிகாரிகிட்ட நான் தாளைத்தான் காட்டணும்."

பிறகு மேய்ச்சல் நிலத்துக்குப் போய், நீங்கள் சொன்ன அடையாளங்களை ஒவ்வொன்றாகப் படித்துப் படித்து மாட்டைப் பிரித்தார்கள். உடைந்த கொம்பு, குட்டை வால், கறுப்புப் பல். ஒன்றுகூடத் தப்பாக இல்லை அண்ணா. "இந்தக் கிழவருக்கு என்ன ஞாபகம்யா!" என்று அந்தக் காவலர்களே ஆச்சரியப்பட்டார்கள்.

அவரைப் பதினோரு நாள் வைத்திருந்தார்கள். வெறும் சிமெண்டுத் தரை. அங்கே பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. பொய் சொன்னதற்காகத் தரகர் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். சந்தைக்குப் போகிறார், சிவப்புக் குல்லாவோடு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். இது நல்ல மாடா என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.

உங்கள் மேல் கோபம் இல்லை. பயம். ஏதாவது வார்த்தையை எழுதி அது உங்களை அங்கே பிடித்துவிடுமோ என்று. எழுதுவார், கிழிப்பார். கடைசியில் கவர்மெண்டுக்கு எழுதுவதுபோல எழுதி அனுப்பினார்.

இன்னொன்று. மாட்டைப் பிடிக்க வந்த அன்று விடியற்காலையில் செவலை கன்று ஈன்றாள். கிடேரி. அதிகாரி தாளைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார். "தாள்ல ஏழுதான் இருக்கு. இது யாருதுன்னு எனக்குத் தெரியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்து வீட்டு ஆட்டுப்பாலில் வளர்கிறது. அவர் அதோடு மட்டும்தான் பேசுகிறார்.

பிபாத்தா


காயா
மே 19

முதலில், இதை நடுவில் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கு.

சலாம் ஐயா. உங்களுக்கு உடம்பு சுகமா? வீட்டில் எல்லோரும் சுகமா? உங்கள் நான்கு மச்சான்களும் சுகமா? நான் காயாவின் சேய்னி. எழுதத் தெரியாததால் எதையும் மறக்க முடிவதில்லை. அன்று உறுதி என்று விரல் வைத்தது தெரியாமல். இன்று தெரிந்தே வைக்கிறேன். வெள்ளைத் தாள் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

பூரேமா என் வாழ்நாளில் என்னிடமிருந்து திருடியது ஒன்றே ஒன்று. எங்களுக்கு ஏழு வயது. நான் சுட்டு வைத்த கெளுத்தி மீன், வால் கருகியது. அதிலும் பாதியைத் திருப்பிக் கொடுத்தான். என் கல்யாணத்தன்று பெண் வீட்டு வாசலை மறித்து, "மாப்பிள்ளை என் அடிமை, என்கிட்ட வாங்காம எப்படிக் கூட்டிட்டுப் போவீங்க?" என்று மதியம்வரை கலாட்டா செய்தான். என் ஃபாத்தியை அடக்கம் செய்த அன்று எல்லோரும் அழுதார்கள். இவன் மட்டும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "இத்தனை வருஷம் உன்னைச் சகிச்சவ, இப்பத்தான் தப்பிச்சா" என்றான். சிரித்தேன் ஐயா. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்தேன்.

மாடுகள் என்னுடையவைதான். அவற்றைக் காப்பாற்ற அவன் பொய் சொன்னான். எனக்காகச் சொன்னான். தரகர் அட்டையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க நான் உங்கள் நாட்டுக்காரன் இல்லை. அவனைப் பார்த்தால் ஒரு சலாம் சொல்லுங்கள், போதும். மீதி அவனுக்கு. நீங்கள் படித்தாலும் எனக்குக் கவலையில்லை.

டேய் செவிட்டுப் பயலே. செவலை சினை என்று எனக்குத் தெரியும். அன்று கடைசியாகச் சொல்ல வந்தது அதுதான், தாளில்தான் இடமில்லாமல் போயிற்று. நல்லவேளை. மழை வரப்போகிறது, கன்றை ஈரத்தில் கட்டாதே, நீயும் ஈரத்தில் படுக்காதே. எனக்கு இங்கே பேச ஆள் உண்டு, கேலி செய்ய ஆளில்லை. எல்லோரும் என்னைப் பெரியவரே பெரியவரே என்று மரியாதை செய்தே கொல்கிறார்கள். காலையிலிருந்து இரவுவரை ஒருவன்கூட என்னைத் திட்டுவதில்லை.

ஒரே ஒரு வசவு அனுப்பு.

சேய்னி (கட்டைவிரல்)


மலன்வில்
ஜூலை 2

சேய்னி அண்ணனுக்கு, பிபாத்தா சலாம். இருக்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அந்தப் பெண்ணை மெதுவாகப் படிக்கச் சொல்லுங்கள்.

அவர் வியாழக்கிழமை மதியத் தொழுகைக்கு முன்னால் போய்விட்டார். அந்த இருமல்தான். இன்னா லில்லாஹி.

உங்கள் கடிதம் இங்கே வந்து சேரவே ஹஜ்ஜுப் பெருநாள் தாண்டிவிட்டது. அதிகாரி தானே வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிரித்திருந்தது. என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, நெஞ்சில் கைவைத்துச் சலாம் சொல்லிவிட்டுப் போனார். அட்டை வரவில்லை. உங்கள் கடிதத்தை அவர் தலையணைக்கடியில் வைத்திருந்தார். மீன் இடம் வரும்போதெல்லாம், "பாதி இல்ல, வால் மட்டும்தான் கொடுத்தேன்" என்று என்னிடம் சொல்வார். பதில் எழுத உட்கார்வார், இருமல் வரும், வைத்துவிடுவார். கடைசியில் எழுதியது ஒன்றரை வரி. இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே அடக்கம் செய்துவிட்டோம். வெட்டிய குழியில் யாரும் இறங்கிப் படுக்கவில்லை. கோலாக்கொட்டை கேட்டு யாரும் சண்டை போடவில்லை. யாரும் தடுக்காததால் சீக்கிரம் முடிந்துவிட்டது அண்ணா. ரொம்பச் சீக்கிரம் முடிந்துவிட்டது.

பிபாத்தா

(உள்ளே ஒரு துண்டுத் தாள்.)

டேய் அடிமைப்பயலே, கன்றுக்கு உன் பேரைத்தான் வைத்திருக்கிறேன். கூப்பிட்டால் வருவதில்லை, திட்டினால் வருகிறது.


காயா
ஜூலை 11

தங்கச்சி பிபாத்தாவுக்கு, அண்ணன் சேய்னி சலாம். அல்லாஹ் உனக்குப் பொறுமையைத் தரட்டும். சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? தனியாக இருக்காதே, பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு வைத்துக்கொள்.

கன்று உன்னிடமே இருக்கட்டும். பாலம் திறந்தாலும் உன்னிடமே இருக்கட்டும். அதன் காதில் மட்டும் யார் வெட்டும் வேண்டாம், என்னுடையதும் வேண்டாம்.

அந்தத் துண்டுத் தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது. தினமும் ஹம்ஸாத்துவிடம் படிக்கக் கொடுக்கிறேன். இப்போது அவள் தாளைப் பார்க்காமலே சொல்கிறாள்.

எனக்காக ஒரு வேலை செய். ஒரு கூடை கோலாக்கொட்டையைக் கரிமூவிடம் கொடுத்திருக்கிறேன். கேட்க வேண்டியவன் நான், கொடுக்க வேண்டியது உங்கள் வீடு. இந்த வருடம் எல்லாமே தலைகீழாக இருக்கிறது, இதுவும் இருக்கட்டும். வந்தவர்களுக்கெல்லாம் பங்கு வை. அந்த அதிகாரிக்கும் ஒன்று கொடு. பிறகு அவன் குழிக்குப் போய் நின்று, கீழே இருப்பதை வாசி. கூச்சப்படாதே. ஊரே கேட்கும்படி உரக்க வாசி, அவன் செவிடன்.

டேய் பூரேமா! குழியை மறிக்க ஆளில்லாத நேரமாகப் பார்த்து நழுவிவிட்டாயே, திருட்டுப் பயலே. எனக்கு வரவேண்டிய கோலாக்கொட்டையையும் தின்றுவிட்டாய். கொஞ்சம் ஒதுங்கிப் படு. அந்த இடத்தில் பாதி என்னுடையது.

உன் எஜமான்
சேய்னி (கட்டைவிரல்)